இருபது முகச் சிமிழ்

எங்கள் நெல்லுக்கடைத் தெருவுக்கு நல்லதோ கெட்டதோ எது வந்தாலும் மேலத்தெருவிலிருந்துதான் வரும், கேபிள் டிவி அங்கிருந்துதான் வந்தது, சுடிதார் அங்கிருந்துதான் வந்தது, வருஷா வருஷம் மெட்ராஸ் ஐயும் அங்கிருந்துதான் வருகிறது, ஆகவே அந்த வருஷத்து நவராத்திரியில் செண்பகவல்லியின் முந்தானையில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிமிழ் வந்து இறங்கியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை, மேலத்தெருவில் எந்த வீட்டுத் தாம்பூலம் என்று மட்டும் கேட்டோம், அது அவளுக்கே நினைவில்லை. ஒரே சாயங்காலத்தில் அத்தனை வீட்டுக் கொலுவையும் பார்த்து அத்தனை வீட்டுச் சுண்டலுக்கும் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு வருகிறவளுக்கு, எதை யார் கொடுத்தார்கள் என்று எப்படி நினைவிருக்கும்?

தாம்பூலம் என்றால் இப்போதெல்லாம் பையில் போட்டுத்தான் கொடுக்கிறார்கள், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துணி, ஒரு பிளாஸ்டிக் டப்பா, எல்லாம் ஒரு பைக்குள் அடக்கம். இந்தச் சிமிழோ பையில்லாமல், காகிதம் சுற்றாமல், மூடிகூட இல்லாமல் வெற்றிலையின் மேல் வெறுமனே உட்கார்ந்து வந்தது. எலுமிச்சம்பழ அளவுக்குப் பித்தளை, அதற்கு இருபது முகம், முகமெல்லாம் முக்கோணம், முக்கோணங்கள் கூடுகிற ஒவ்வொரு மூலையிலும் கிராம்பு போல ஒரு காம்பு, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே ஏதோ நூல் புரளுகிற மெல்லிய சத்தம். புதுச் சாமான் எதைக் கொடுத்தாலும் பொட்டு வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதனால் அதன் ஒரு முகத்தில் குங்குமப் பொட்டும் இருந்தது. செண்பகவல்லி முந்தானையை விரித்து ஏந்தினாள், கிராம்புக் காம்புகள் அந்தப் புடவையை அவற்றுக்கென்றே நெய்து வைத்திருந்த மாதிரி இழைகளில் போய் மாட்டிக்கொண்டன, அவள் முந்தானையைச் சுருட்டி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பிற்பாடு பலரும் பலவிதமாகச் சொன்னார்கள் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அது எந்தக் கதவையும் தட்டவில்லை, எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை, நடப்பதற்கு அதற்குக் காலே கிடையாது, வீட்டுக்காரிதான் தன் துணியில் சுற்றித் தன் கையாலேயே உள்ளே கொண்டுபோனாள்.

அவள் அப்படி நடந்து வந்ததைத் தன் வீட்டுக் கம்பிக் கதவுக்குப் பின்னால் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்த கோகிலம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோகிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அவள் ஊசி படாத ரவிக்கையை எந்தப் பெண்ணும் போட்டதில்லை, தாம்பூலத்தில் வருகிற ரவிக்கைத் துணியெல்லாம் கடைசியில் அவள் மெஷினடிக்குத்தான் போய்ச் சேரும், தாம்பூலம் மட்டும் அவளுக்குப் போகாது. அவள் புருஷன் நாகப்பன் மார்வலி என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்காமல் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, அந்த வருஷத்திலிருந்து கொலுவுக்கு அழைக்கிற பெண்கள் அவள் வாசல் வரும்போது மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுப் பக்கச் சுவருக்கு மேலாகக் கொடுத்துவிடுவோம்.

"ஏன் விசாலம்," என்று கணக்கு வாத்தியார் மனைவியிடம் கோகிலம் ஒருநாள் கேட்டாள், கிண்ணத்தை வாங்கிக்கொண்டே, முகத்தில் ஒரு சிரிப்போடு. "சுண்டல் வாங்கிக்கப் புருஷன் வேண்டாமா?"

விசாலம், உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

கோகிலத்துக்கு அந்தக் குங்குமம் வேண்டியிருந்தது. சாமிக்குப் பயந்தவள் என்று அவளைச் சொல்ல முடியாது, கோயிலில் தீபாராதனை ஆகும்போதுகூட முன்னால் நிற்கிறவளின் ரவிக்கையில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறவள். ஆனாலும் ஒருத்தி வாசலில் வந்து நின்று "வாங்கக்கா" என்று கூப்பிட்டு, உள்ளே உட்காரவைத்து, முந்தானையை ஏந்தச் சொல்லி, விரலால் தொட்டு நெற்றியில் வைத்து அனுப்புகிறாளே, அது அவளுக்கு வேண்டும், அவ்வளவு வேண்டும், மெஷினை மிதிக்கிற காலை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற அளவுக்கு வேண்டும். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செல்போனைப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை காலையில் செண்பகவல்லி பூஜைப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். சிமிழ் கொஞ்சம் கறுத்திருந்தது, முதலில் சோப்பைப் போட்டாள், அது அசைந்துகொடுக்கவில்லை, பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டாள், அதற்கும் மசியவில்லை. பித்தளை பளிச்சென்று ஆக என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருத்திக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, ஒரு உருண்டை பழம்புளியை அலுமினியச் சட்டியில் கரைத்து அதற்குள் சிமிழை ஊறப்போட்டாள். அந்தப் புளிப்புக்காகவே அது அத்தனை வீடு தாண்டிக் காத்திருந்ததோ என்னவோ, முதலில் குங்குமப் பொட்டு கரைந்தது, பிறகு காம்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றன, பிறகு ஒரு மூலை இளகித் திறந்தது, திறந்த மூலையிலிருந்து முள் போல ஒன்று நீண்டு சட்டியின் அடியில் ஒரு பொத்தலைப் போட்டது, அந்தப் பொத்தல் வழியே புளித்தண்ணீரோடு தண்ணீராக ஒரு மெல்லிய நூல் வழிந்து, சமையல் மேடையில் ஏறி, அடுப்பைச் சுற்றி, மிக்ஸியைச் சுற்றி, அஞ்சறைப் பெட்டியைச் சுற்றி ஓடி எங்கேயோ மறைந்தது. செண்பகவல்லி காலிச் சட்டியைத் தூக்கிப் பார்த்து, ஓட்டைச் சட்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு சட்டி எடுத்தாள்.

மறுநாள் காலையில் இட்லிப் பானையைத் திறந்தால், குழிக்கு ஒன்றாகச் சிமிழ் உட்கார்ந்திருந்தது.

அவள் மாவைத் தொட்டுப் பார்த்தாள், மாவு மாவாகத்தான் இருந்தது. சரி தோசை ஊற்றுவோம் என்று கல்லைப் போட்டாள், தோசை கல்லிலேயே முக்கோணம் முக்கோணமாகப் பிரிந்து, ஆறியதும் தானே மடங்கித் தானே பொருந்தி இருபது முகமாகி உருண்டு கீழே இறங்கியது. சாம்பாரைத் திறந்தால் பருப்புக்குப் பதில் சிமிழ் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறையைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, அது என்றைக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டுச் சமைத்தது? மாமியார் சொன்னாலும் செய்தது, மாமியாரைப் பிடிக்காத நாத்தனார் சொன்னாலும் செய்தது, அடை வேண்டும் என்று மாப்பிள்ளை ஏப்பம் விட்டுக்கொண்டே சொன்னபோதும் செய்தது, சொல்கிற குரல் வீட்டுப் பாஷையில் இருந்தால் போதும் அதற்கு. அந்த நூல் வீட்டுப் பாஷையில்தான் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு பண்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது: என்னைப் போல இன்னொன்று செய், என்னைப் போல இன்னொன்று செய்.

இந்த இடத்தில் வேறு தெருவாக இருந்தால் பயந்திருக்கும். செண்பகவல்லி யோசித்தாள். கொலுவுக்கு வருகிறவர்களுக்கு என்ன வைத்துக் கொடுப்பது என்று ஆவணி மாதத்திலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவள் அவள், போன வருஷம் அவள் கொடுத்த சோப்பு டப்பா கைமாறிக் கைமாறி மாட்டுப் பொங்கலுக்குள் அவளிடமே திரும்பி வந்திருந்தது. இப்போது சமையலறை நிறைய, கேட்காமலே, வாங்காமலே, அசல் பித்தளை. அன்று சாயங்காலமே தெருவிலுள்ள சுமங்கலி ஒருத்தி பாக்கியில்லாமல் கூப்பிட்டு, ஒவ்வொரு சிமிழுக்கும் பொட்டு வைத்து, பைகூட இல்லாமல் முந்தானையிலேயே போட்டாள்.

"பித்தளையாக்கா?" என்று விசாலம் எடை பார்த்தாள்.

"பின்னே, உன்னை மாதிரி பிளாஸ்டிக்கா குடுப்பேன்?" என்றாள் செண்பகவல்லி.

அத்தனை பேரும் மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அத்தனை பேரும் புளி கரைத்துத் துலக்கினார்கள், அத்தனை வீட்டிலும் சட்டி ஓட்டையாயிற்று, அத்தனை வீட்டு அடுப்பும் ஒரே பண்டத்தைச் செய்யத் தொடங்கியது. விசாலத்தின் வீட்டில் வெண்ணெய் கடைந்தால் சிமிழ் திரண்டது. மூலை வீட்டில் குழந்தைக்குப் பால் காய்ச்சினால் ஏடு முக்கோணமாக மடிந்தது, அந்தக் குழந்தையை மட்டும் மேலத்தெருச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

செண்பகவல்லியின் வீடுதான் முதலில் வெடித்தது. வெடித்தது என்றால் நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள், சத்தமெல்லாம் இல்லை, உப்பிய பூரி அமுங்குகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு நான்கு மூலையிலும் பிளந்து சுவர்கள் மெதுவாக வெளிப்பக்கம் படுத்துக்கொண்டன, உள்ளே பரணிலும் பீரோவிலும் கட்டிலடியிலும் அடைத்துக்கொண்டிருந்த சிமிழ்கள் கலகலவென்று தெருவில் உருண்டன. அவள் கணவர் தருமராசன் நடுக்கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பேப்பரை இறக்கித் தெருவை ஒருமுறை பார்த்தார்.

"இப்பதான் காத்து நல்லா வருது," என்றார்.

அடுத்தடுத்து வீடுகள் பெருமூச்சு விட்டன, தெரு அதற்கும் பழகிக்கொண்டது. புடவைகளைக் கட்டி மறைப்பு வைத்துக் குளித்தோம், சுவரில்லாத கூடங்களில் கொலுப்படிகள் மட்டும் அசையாமல் நிற்க, போகிறவர்கள் பஸ்ஸிலிருந்தே கொலு பார்த்துக் கும்பிட்டார்கள். மின்சார ரீடிங் எடுக்க வந்தவர் சுவர் எங்கே என்று கேட்டார், சுவர் இல்லை, மீட்டர் மட்டும் பழைய இடத்திலேயே காற்றில் தொங்கியது, அவரும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார். பழைய பித்தளை எடுக்கிறவர் தெருமுனை வரை வந்து, குவிந்து கிடந்ததைப் பார்த்து, சைக்கிளைத் திருப்பினார். கதவே இல்லாத நிலைப்படிக்குக் காலையில் கோலம் போட்டோம், காலிங் பெல் அடித்துவிட்டுத்தான் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனோம். எல்லாம் பழகிவிட்டது, பசி மட்டும் பழகவில்லை. ஓட்டல் சாப்பாடு எங்கள் தெருவின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, பார்சல் வாங்கிவந்து மேடையில் வைத்தால் நூல் அதையும் விடுவதில்லை, பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் பரோட்டா மடிய ஆரம்பித்துவிடும்.

அப்போதுதான் ஒரு மத்தியானம், தெரு முழுக்கப் பித்தளை வாடை வீசிக்கொண்டிருந்த நேரத்தில், சுண்டைக்காய் வற்றல் குழம்பின் வாசனை வந்தது.

வாசனை கோகிலத்தின் வீட்டிலிருந்து வந்தது. அவள் வீடு நான்கு சுவரோடும் நின்றது, அவள் அடுப்பு சோறென்றால் சோறு பொங்கியது, குழம்பென்றால் குழம்பு கொதித்தது. முதலில் தருமராசன்தான் டிபன் கேரியரைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைப்பக்கமாகப் போனார், சாயங்காலத்துக்குள் அந்தக் கொல்லையில் டிபன் கேரியர்களின் வரிசை நின்றது. கோகிலம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவை இறக்கித் தெருவுக்கே உலை வைத்தாள். ரசத்துக்குக் கொஞ்சம் மிளகு தூக்கலாக இருந்திருக்கலாம் என்று செண்பகவல்லி சொல்லியனுப்பினாள்.

அவள் வீட்டுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். கொல்லையில் வேப்பமரம் இருப்பதால் என்றார் ஒருவர். ஊசியும் கத்தரியும் இருக்கிற வீட்டுக்குள் நூல் வரப் பயப்படும் என்றார் இன்னொருவர். அவள் கூட்டுப் பெருங்காயம் வாங்காமல் கட்டிப் பெருங்காயம் வாங்குவதால் என்று விசாலம் சொன்னாள், அதைப் பலரும் ஏற்றுக்கொண்டு கட்டிப் பெருங்காயம் வாங்கினார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைச் சொன்னால் அதற்கு அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் பெருங்காயத்திலேயே நின்றுகொண்டோம்.

நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் அந்தோணிசாமி வந்தார். மெட்ராஸ் ஐ பற்றி வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்து அது அவருக்கே வந்துவிட்டதால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆட்களை வைத்துச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார், சானிடைசர் தெளித்துப் பார்த்தார், வெயிலில் போட்டுப் பார்த்தார், சிமிழ்கள் இன்னும் கொஞ்சம் பளபளத்தன. பிறகு செண்பகவல்லியின் சோபாவில், திறந்த வானத்தின் கீழ், பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

"இது சோப்புக்குச் சாகாதுங்கம்மா," என்றார். "சில கிருமிங்க மேல ஒரு கொழுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வரும். சோப்பு போட்டா சட்டை கரைஞ்சுடும், சட்டை போனா கிருமியும் காலி. இது சட்டையே போடாம வந்திருக்கு. எதைக் கரைக்கிறது? என் கண்ணுல உக்காந்திருக்கே, அதுவும் இந்த ரகம்தான்." சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். தெருவே தலையைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தா ஒட்டாதுங்க, தொட்டாத்தான் ஒட்டும்."

யாரும் திரும்பவில்லை. அவர் எங்கள் பிடரிகளிடமே மேற்கொண்டு பேசினார். தான் சொல்லப்போவது தஞ்சாவூரில் நடந்த ஒரு பயிற்சியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைத்தூக்கத்தில் கேட்டது என்று அவரே ஒப்புக்கொண்டார். கண்ணில் இருக்கிற ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு மாதிரி, அதன் வாசலில் வழக்கமாக வருகிற சாமானை வாங்கிக்கொள்ளக் கை நீட்டிக்கொண்டிருக்கும், கிருமி அந்தக் கையில் போய் உட்காரும், செல்லும் நம்ம வீட்டுச் சாமான்தான் என்று தன் தோலையே குழித்துச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"முந்தானையில முடியற மாதிரி," என்றாள் விசாலம், பிடரியைத் திருப்பாமல்.

"அதேதாங்க. உள்ள போனதும் அதைச் செரிக்கணும்னு செல்லு அந்தப் பைக்குள்ள புளிப்பை ஊத்தும். அங்கதான் மாட்டிக்குது. புளிப்பு பட்டாத்தான் அதுக்கு மூட்டு கழலும். பையைப் பொத்துக்கிட்டு உள்ள இருக்கிற நூலை வெளியில விட்டுடும். நூல் சொல்றதைச் செல்லு அப்படியே செய்யும். கடைசியில செல்லே வெடிச்சுடும்." ஒரு கணம் நிறுத்தி, "அப்புறம் இன்னொண்ணு. கை நீட்டாத செல்லுக்குள்ள அதால நுழையவே முடியாது," என்றார். பிறகு தெருவைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த ஒரே வீட்டைப் பார்த்தார். "அந்த வீட்டுக்காரங்க மட்டும் ஏன் இதை வாங்கிக்கலை?"

பெருங்காயம் என்று யாரோ முனகினார்கள்.

"அவங்களுக்குக் குடுக்கலைங்க," என்றார் தருமராசன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"ஏன்?"

"குடுக்கிறதில்லைங்க. வழக்கம்."

அந்தோணிசாமி கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார், அதற்குப் பிறகு அவர் எங்களை எந்த மாதிரிப் பார்த்தார் என்று தெரியவில்லை, கண்ணாடி கறுப்பு. "அப்படியே இருக்கட்டும்மா," என்றார் கோகிலத்தைப் பார்த்து. அவள் அண்டாவைக் கழுவி வாசலில் கவிழ்த்துவிட்டுக் கம்பிக் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க மட்டும் இதைத் தொட்டுடாதீங்க. உங்க அடுப்பை நம்பித்தான் தெருவே இருக்கு."

கோகிலம் கையைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். செண்பகவல்லியின் வீட்டுக்கு வாசல் எங்கே இருந்ததோ அந்த இடத்துக்கு நேராக வந்து நின்றாள், சுவரில்லாத வீட்டுக்குள் எந்தப் பக்கமாகவும் வரலாம், ஆனால் அவள் வாசலில்தான் நின்றாள்.

"செண்பகா, எனக்கும் ஒண்ணு குடு."

"என்னக்கா இது, அவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? உங்க நல்லதுக்குத்தானே சொல்றாரு."

"போன வருஷம் குடுக்காததும் என் நல்லதுக்குத்தானா?"

செண்பகவல்லி விசாலத்தைத் திரும்பிப் பார்த்தாள். விசாலம் உதவிக்கு வந்தாள். "உங்க அடுப்பும் போச்சுன்னா நாங்கல்லாம் என்னக்கா சாப்பிடறது?"

"எல்லாரும் சேந்து பட்டினி கிடப்போம்," என்றாள் கோகிலம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "அதுலயாவது என்னைச் சேத்துக்குங்க."

அன்று மத்தியானம் அவள் அடுப்பு மூட்டவில்லை. கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தெருவில் வழக்கமும் வயிறும் சண்டை போட்டன, சாயங்காலம் வரை போட்டன. குடுத்தால் சாமி குற்றம் வரும் என்றார்கள் சிலர், குற்றம் வருவதற்கு இனி எந்த வீடு மிச்சம் என்று கேட்டார்கள் சிலர். குடுக்கிற மாதிரி குடுத்து வேறு வெறும் பித்தளை டப்பாவைத் தந்துவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது, அதைச் சொன்னவர் யார் என்று நான் எழுதப்போவதில்லை, அவருக்கு அன்றைக்கே அவர் மனைவியிடமிருந்து கிடைத்துவிட்டது. செண்பகவல்லி இதில் எதிலும் சேராமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தன் மேல் இருந்த ரவிக்கையின் கைத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள், அவளுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், அது வெளியே தெரியாதபடி அந்தத் தோளுக்குள் ஒரு மடிப்பு வைத்துத் தைக்க கோகிலத்துக்கு மட்டும்தான் தெரியும், அதை இத்தனை வருஷத்தில் கோகிலம் யாரிடமும் சொன்னதில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் செண்பகவல்லி எழுந்தாள். தெரு முழுக்கப் பார்க்க நடந்துபோய் அந்தக் கம்பிக் கதவின் முன் நின்றாள்.

"கோகிலாக்கா," என்றாள். "எங்க வீட்டுக் கொலுவுக்கு வாங்கக்கா. குங்குமம் வாங்கிக்க வாங்க."

கோகிலம் வந்தாள். பாயைப் போட்டு உட்காரவைத்து, சமையலறைதான் சுண்டல் செய்யாதே, அதற்குப் பதிலாக இரண்டு வாழைப்பழம் வைத்து, செண்பகவல்லி குங்குமச் சிமிழில் விரலைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தாள். பொட்டு கொஞ்சம் கோணிக்கொண்டது. பிறகு அந்தப் பித்தளைச் சிமிழ்களில் ஒன்றை எடுத்து, மஞ்சள் தடவி, அதன் முகத்திலும் அதே விரலால் அதே கோணலில் ஒரு பொட்டு வைத்து, வெற்றிலையின் மேல் வைத்து நீட்டினாள். கோகிலம் முந்தானையை விரித்தாள். கிராம்புக் காம்புகள் இழையில் போய் மாட்டிக்கொள்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது. அவள் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள், போகிறபோது அவள் அழுதாளா என்று கேட்டால், ஆமாம், அழுதாள், செண்பகவல்லியும் அழுதாள், தருமராசன்கூடப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் தெருவே தட்டும் கையுமாக அவள் வாசலில் நின்றது. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, இட்லிப் பானையின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அந்தோணிசாமியும் வந்திருந்தார், எல்லாரும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், பெருமூச்சு வருகிறதா என்று.

கோகிலம் தாம்பாளத்தோடு வெளியே வந்தாள். தாம்பாளம் நிறைய இட்லி, வெள்ளை வெளேரென்று, வட்டமாக, ஆவி பறக்க.

செண்பகவல்லி அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பரணில் கிடந்த கொலுப்படியை இறக்கிக் கூடத்தில் போட்டிருந்தது, பொம்மை ஒன்றுகூட வைக்கவில்லை, மேல்படியில் அந்தச் சிமிழ் மட்டும் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது.

"துலக்கலையாக்கா? புளி போட்டுத் துலக்கலையா?"

"துலக்குனா பொட்டு போயிடுமே," என்றாள் கோகிலம்.

நீட்ட வந்த தட்டுகளைக் கீழே இறக்கினோம். எங்கள் சிமிழ்களிலும் பொட்டு இருந்தது, வந்த மறுநாளே அதைக் கரைத்துவிட்டுத்தான் பளபளப்பைப் பார்த்தோம், வருஷா வருஷம் கிடைக்கிறவர்களுக்கு ஒரு பொட்டு எம்மாத்திரம். அந்தோணிசாமி மட்டும், "அப்ப புளிப்புதான் விஷயம், நான் சொல்லலை?" என்று சொல்லிக்கொண்டே முதல் இட்லியை எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு தெருவில் யாரும் பித்தளை துலக்கவில்லை. புது நூல் வெளிவராததால் பழைய நூலும் மெல்ல ஓய்ந்துபோயிற்று, வெடித்த வீடுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினோம், தீபாவளிக்குள் பாதித் தெருவுக்கும், பொங்கலுக்குள் மீதித் தெருவுக்கும் சுவர் வந்துவிட்டது. தருமராசன் மட்டும் காற்றுக்காக ஒரு பக்கச் சுவரை வைக்க வேண்டாம் என்றார், செண்பகவல்லி அதை ஒத்துக்கொள்ளவில்லை. உருண்டு போன சிமிழ்கள் இன்னும் சாக்கடையோரத்திலும் மதில் மேலும் கறுத்துக் கிடக்கின்றன, மழைக்கும் வெயிலுக்கும் ஒன்றும் ஆகாமல், ஏந்துகிற ஒரு முந்தானைக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. அவை பாட்டுக்கு இருக்கட்டும்.

இப்போதெல்லாம் நவராத்திரி பிறந்தால் எங்கள் தெருவின் முதல் அழைப்பு கோகிலத்தின் வாசலுக்குத்தான் போகிறது. நாங்கள் திருந்திவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் நாங்கள் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவள் வீட்டுக் கொலுவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், மேல்படியில் கோணல் பொட்டோடு அந்தச் சிமிழ் இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே, எந்தக் கொலுவிலும் இல்லாத வழக்கமாக, ஒரு புளி ஜாடியும் இருக்கிறது. சுண்டல் தின்கிறபோது எங்களில் யாராவது, வாய் பழக்கத்தில், இதெல்லாம் வழக்கமில்லையே என்று ஏதாவது ஆரம்பித்தால், கோகிலம் சிரித்துக்கொண்டே கையை நீட்டி அந்த ஜாடியின் மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பாள்.

சுண்டலில் உப்பு சரியாக இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம்.